கடல் ஏறும் கரையைப் படமெடுப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் விட்ட முதல் பிழையிலிருந்தே தொடங்குகிறேன். கல்லடிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் கரை. ஆகஸ்டில் ஒரு படம் எடுத்தேன்; தோணி நாலைந்து கவிழ்த்து வைக்கும் அளவுக்கு அகலமான மணல். ஜனவரியில் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்தேன். மணலைக் காணோம், அலை தென்னை வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டி, ‘ஐந்து மாதத்தில் கடல் தின்ற கரை’ என்று தலைப்புப் போட்டு ஊர் வாசிகசாலையில் மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். வயதான தோணித் தலைவர் ஒருவர், ஊர்ப் பேச்சில் தண்டையல், அவர் மட்டும் கிட்டப் போய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனே, வாடைக்குப் போற மண் கச்சானுக்குத் திரும்பி வரும். கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பாரு.”

வாடை என்றால் மாரிக்காலக் காற்று, கச்சான் என்றால் அதற்குப் பின் மேற்கிலிருந்து வரும் காற்று. அடுத்த ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன். மணல் வந்திருந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. தோணி வைக்கிற இடம் பாதிதான் தேறியது. முன்வரிசைத் தென்னையில் இரண்டைக் காணவே இல்லை. உண்மையான கதை அந்தத் திரும்பி வராத பங்கில் இருந்தது. நானோ ஒவ்வொரு வருடமும் போய்வருகிற பங்கைப் படமெடுத்து ஊரைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டு பங்கையும் பிரித்துக் காட்டுவதற்கான வழிகள். விலை கூடிய கமெரா தேவையில்லை, போன் போதும். தேவைப்படுவது நேரம். குறைந்தது இரண்டு வருடம் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக மனம் இல்லையென்றால், இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

படி 1: கமெராவை வீட்டில் வைத்துவிட்டுக் கரையைப் படியுங்கள்

உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. 2006 முதல் 2018 வரை அது வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் ஏறியது. ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிஞர் குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் தரும் கணக்கு இது. அந்த வேகத்தில் இருபது வருடம் போனால் ஏறக்குறைய ஏழரை சென்ரிமீற்றர், ஒரு விரல் நீளம். எந்தக் கமெராவாலும் அதைப் படமெடுக்க முடியாது. மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனின் பாட்டைப் படமெடுக்க நினைப்பது போலத்தான் அதுவும்.

படமெடுக்கக் கூடியது அதன் விளைவை. நம் கரை தட்டையானது. கடல் ஓரளவு ஏறினால், மணற்கரை அதைப் போல ஐம்பது முதல் நூறு மடங்கு பின்வாங்கும் என்று கரையோரப் பொறியியலாளர்களிடம் ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. எல்லாக் கரைக்கும் பொருந்தாத கணக்குத்தான். ஆனாலும் ஒரு விரல் நீள ஏற்றம் ஒரு வளவின் வேலியை எப்படிக் கொண்டுபோகும் என்பதை விளங்கிக்கொள்ள அது போதும்.

அடுத்தது காற்று. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. கடல் கொதிக்கும், கரையை அரிக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான். மேற்கிலிருந்து அடிப்பதால் கடல் நம் பக்கம் அமைதியாகி, இழுத்துக்கொண்டு போன மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டும். ஆகவே முதல் சட்டம்: மார்ச் படத்தை மார்ச் படத்தோடு ஒப்பிடுங்கள், ஆகஸ்டை ஆகஸ்டோடு. இதை மீறிய எந்த ஒப்பீட்டுப் படத்தையும் நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பது ஒரு வசதி. இருந்தாலும் பறுவத்திலும் (பௌர்ணமி) அமாவாசையிலும் நீர் கூட ஏறும். முதல் படம் பறுவத்தில் எடுத்திருந்தால் அடுத்த வருடமும் பறுவத்தில் போங்கள்.

இனிமேல்தான் சிக்கல். கரை போவதெல்லாம் கடல் ஏறுவதால் அல்ல. அம்பாறைக் கரையில் இருக்கும் ஒலுவிலை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. இந்தக் கரையில் மணல் வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறிக்கிறது. தெற்கே மணல் சேர்கிறது, துறைமுக வாயையும் மூடுகிறது. வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாக, தென்னந்தோப்பும் காணியும் கடலுக்குள் போகின்றன. அங்கே போய் ஒரு விழுந்த தென்னையை எடுத்து ‘காலநிலை மாற்றம்’ என்று எழுதினால், அது அந்த ஊர் மக்கள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் முறைப்பாட்டை அழிப்பதற்குச் சமம். கடல் ஏறுகிறது என்பதும் உண்மை, சுவர் மணலை மறிக்கிறது என்பதும் உண்மை. மணல் அகழ்வும், ஆறுகளை அணைகட்டி மறிப்பதும், கண்டல் காட்டை வெட்டுவதும் இதே கணக்கில் சேர்பவை. ஏற்கெனவே மணல் குறைந்த கரையில்தான் ஏறும் கடல் முதலில் பல்லைக் காட்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியையும், 1978 நவம்பர் சூறாவளியையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு விடயம். ஆனால் நீங்கள் கடலைப் பற்றி வாய் திறந்ததும் மக்கள் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்வார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை: கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் ஊரின் கரைக்கோட்டை வருடம் வருடமாகப் பாருங்கள். எந்தத் துண்டு உண்மையில் தேய்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்று ஒரு மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும்.

படி 2: ஒரே ஒரு ஊர்

வடக்கே வாகரையிலிருந்து தெற்கே பாணமை வரை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று முதலில் ஆசை வரும். வேண்டாம். பஸ்ஸில் போய், விடியுமுன் கரையில் நிற்கக் கூடிய தூரத்தில் ஒரு ஊர். அவ்வளவுதான்.

எந்த மாதிரி ஊர் என்பதில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு வரை நீளும் நிலம், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக ஒரு நாடா. சில இடங்களில் ஒரு கிலோமீற்றர் அகலம்கூடத் தேறாது. இங்கே கடல் ஏறுவது இரண்டு வாசலாலும் தெரியும். ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் மேலே சொன்ன துறைமுகக் கதை. சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை எல்லாம் நெருக்கமான குடியிருப்பு. பின்வாங்க இடமில்லாத கரை எப்படியிருக்கும் என்று அங்கே பார்க்கலாம். திருக்கோவிலில் கோயிலே கடலைப் பார்த்து நிற்கிறது, ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே மணலில் இறங்கும். வாகரைப் பக்கம் ஆள் குறைவு, கண்டலும் முருகைக் கல்லும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதை. உங்கள் தாய் பிறந்த ஊர் இதில் ஒன்றாக இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

படி 3: ஆட்களிடம் போவது

முதல் மூன்று நான்கு தடவை கமெரா பைக்குள்ளேயே இருக்கட்டும். மீனவர் வாடியில், அதாவது கரையோரக் குடிசையில், குந்தி இருந்து தேத்தண்ணி குடியுங்கள். மீனவர் சங்கத் தலைவரிடம், கிராம சேவகரிடம், கோயில் தர்மகர்த்தாவிடம் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால் இரண்டாம் நாளே ‘யார் அனுப்பின ஆள்?’ என்ற கேள்வி ஊருக்குள் ஓடும்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005இல் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். கடலோர நாவலடிச் சனம் பலர் உள்ளே தள்ளியிருக்கும் திராய்மடுவுக்குக் குடியேற்றப்பட்டார்கள். ஆகவே ஒருவர் வந்து ‘உங்கட வளவைக் கடல் எடுக்குதா?’ என்று கேட்டுப் படம் எடுத்தால், அந்தப் படத்தைக் காட்டியே எழுப்பிவிடுவார்களோ என்று பயப்படுவது நியாயம். அந்தப் பயத்தைத் தீர்க்க ஒரே வழி, படம் யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடப்பது.

இன்னொரு கோபமும் உண்டு. ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “சுனாமிக்கு வந்தவங்களும் எடுத்தாங்க, வெள்ளத்துக்கு வந்தவங்களும் எடுத்தாங்க. ஒரு படமாவது எங்கட கைக்கு வந்திச்சா?” என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோனேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் போன தடவை எடுத்ததில் ஐந்து பிரிண்டாவது பையில் இருக்க வேண்டும். சின்ன அளவு போதும், செலவு பெரிதில்லை. அனுமதிப் படிவத்தைவிட அது அதிகம் கதவு திறக்கும்.

கூப்பிடும் முறை உங்களுக்குத் தெரியாததில்லை. தமிழ்ப் பக்கம் அண்ணே, அக்கா, மாமி, ஐயா. முஸ்லிம் பக்கம் காக்கா, ராத்தா, வயதானவர்களை வாப்பா, உம்மா. பெண்களைப் படமெடுக்க வேண்டுமானால் கணவரிடமோ மகனிடமோ கேட்டால் போதாது, அவரிடமே கேட்க வேண்டும். அவர் தலையைத் திருப்பிக்கொண்டால் அதுவே பதில். கூட ஒரு பெண் நண்பர் வந்தால் வீட்டு முற்றம் வரை போக முடியும். ஆண் தனியாகப் போனால் வேலியோடு நிற்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஊரில் கமெராவோடு அலையாதீர்கள்.

சுனாமி பற்றிப் பேச்சு வந்தால் நிறுத்தாதீர்கள், ‘நான் அதைப் பற்றி வரவில்லை’ என்று சொல்லாதீர்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நாள் அது, இலங்கையின் மாவட்டங்களில் அதுதான் ஆகக் கூடிய தொகை. கேளுங்கள். கமெரா மடியில் இருக்கட்டும். டிசம்பர் 26 நினைவு நாளில் அழுகிற முகத்தைக் கிட்டப் போய் எடுப்பதை நான் நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. அந்தப் படம் கடல்மட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

படி 4: நிலைப் புள்ளி

இதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை பார்த்து, ஒரே உயரத்திலிருந்து, வருடம் வருடமாக எடுக்கும் படம். அழகாக இருக்காது. இரண்டு வருடத்துக்கு அலுப்புத்தான் தரும். அப்புறம் உங்கள் பெட்டியில் இருக்கிற எல்லாப் படத்தையும்விட அதுவே பேசும்.

நிற்கும் இடத்தை அசையாத ஒன்றோடு கட்டுங்கள்: மதகின் மூலை, கோயில் மதில், இலக்கம் எழுதிய மின்கம்பம், பள்ளிவாசல் படி. பாலமீன்மடு வெளிச்சவீடு போல 1913இலிருந்து நிற்கும் ஒன்று கண்ணுக்கு எட்டினால் அதிர்ஷ்டம். திசை பிடிக்க அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. தென்னை மரத்தை நம்பாதீர்கள். அதுவே படத்தின் பொருளாகி ஒரு நாள் காணாமல் போகும்.

ஒரு புள்ளிக்குக் குறிப்பேட்டில் எழுத வேண்டியவை இவை:

• நிற்கும் இடத்துக்கும் அடையாளத்துக்கும் இடையே நாடா வைத்து அளந்த தூரம்
• போன் காட்டும் ஜிபிஎஸ் எண். அது சில மீற்றர் பிசகும்; நாடாவே தெய்வம்
• கமெராவின் உயரம். நான் எப்போதும் 150 சென்ரிமீற்றர், ஒரு கம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்
• திசைகாட்டி காட்டிய பாகை
• லென்ஸ் அளவு. போன் என்றால் ஒன்று மடங்கு, சூம் தொடவே கூடாது
• திகதி, நேரம், பறுவமா அமாவாசையா, காற்று எது

சட்டகத்துக்குள் அசையாத பொருள் ஒன்று கட்டாயம் வர வேண்டும், ஓரத்தில் என்றாலும். அடிவானம் ஒவ்வொரு தடவையும் சட்டகத்தின் அதே உயரத்தில் விழ வேண்டும். முதல் படத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மதில் மூலையும் கம்பமும் அதே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து நகருங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். கரையில் நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒரு கரைக்கு மூன்று புள்ளி போதும்: வடக்குப் பார்த்து ஒன்று, தெற்குப் பார்த்து ஒன்று, கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து ஒன்று. வருடத்துக்கு நான்கு தடவை: வாடை தொடங்க முன், வாடை நடுவில், வாடை முடிந்து, கச்சானின் உச்சத்தில். ஒரு பெரிய காற்று அடித்தால் மறுநாள் ஒரு தடவை கூடுதலாக.

படி 5: வெளிச்சம், கருவி, உப்பு

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இதைச் சரியாகப் பயன்படுத்தினால் பாதி வேலை முடிந்தது. காலை 6 மணியிலிருந்து 8 வரை கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வீடும் முகமும் வாடியும் பொன்னாக ஒளிரும். அதே நேரம் கடலைப் பார்த்து எடுத்தால் எல்லாரும் கறுப்பு நிழல். சூரிய உதய நிழற்படம் கல்யாண அல்பத்துக்கு அழகுதான், ஆவணத்துக்கு முகம் தெரிய வேண்டும். கடலை எடுக்க விரும்பினால் பின்னேரம் வாருங்கள், சூரியன் முதுகில் இருக்கும், அலையின் நிறம் தெரியும். வாவிப் பக்கத்துக்கு இதெல்லாம் தலைகீழ்.

35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, அல்லது போனின் சாதாரண லென்ஸ். தொலைவு இழுக்கும் லென்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது தூரத்தைச் சப்பையாக்கிவிடும்; ஐம்பது மீற்றருக்கு அப்பால் உடையும் சாதாரண அலை, வீட்டுக் கூரைக்கு மேல் எழும்பி நிற்பது போலத் தெரியும். பத்திரிகைகளுக்கு அது பிடிக்கும். அந்த வீட்டில் இருப்பவர் படத்தைப் பார்த்தால் சிரிப்பார், அல்லது கோபப்படுவார். மணலில் படுத்துக்கொண்டு அலையை எடுப்பதும் அதே வித்தைதான்.

அலை உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 செக்கன். கரைவலை இழுப்பவர்களுக்கு 1/250 போதும். கைவிரல் இலேசாக அசைந்து தெரிந்தால்தான் பாரம் தெரியும். லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வைத்துக்கொண்டால் முன்னால் நிற்பவரும் பின்னால் இருக்கும் வீடும் இரண்டும் தெளிவாக வரும். வெள்ளை மணலைப் பார்த்துக் கமெரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், நம் ஆட்களின் முகம் கரியாகிவிடும். வெளிச்சத்தை முக்கால் பங்கிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை.

உப்புத்தான் கமெராவின் எமன். லென்ஸின் முன்னால் ஒரு கண்ணாடி வடிகட்டி போடுங்கள். கரையில் வைத்து லென்ஸ் மாற்றவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியை முதலில் வைத்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். நான் இப்படித்தான் ஒரு லென்ஸைக் கொன்றேன்.

ட்ரோன் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கரைக்கோடு அழகாகத் தெரியும், சரி. ஆனால் குடிசார் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். துறைமுகம், முகாம், விமான நிலையம் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள். ஒரு தென்னையோ ஒரு மாடியோ ஏறினால் கிடைக்கும் கோணமே பல தடவை போதுமாக இருந்திருக்கிறது.

படி 6: எதை எடுப்பது

கரைவலையில் தொடங்குங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியான காலம். ஒரு தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும், கரையில் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள், கடைசியில் மீன் சேர்ந்த மடி வரும். இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு இன்னும் சில இடங்களில் கேட்கும். பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது. கடல் ஏறும் கதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், கரைவலைக்கு அகலமான, தடங்கலில்லாத மணல் வேண்டும். கரை ஒடுங்கினால் கயிறு இழுக்க நடக்கிற தூரம் குறைகிறது. கடலுக்குள் போன மதிலும் தென்னங்குற்றியும் வலையைக் கிழிக்கின்றன. கிழிந்த வலையைத் தைக்கிற கையையும், அதைக் கிழித்த கல்லையும் ஒரே நாளில் எடுங்கள். இழுக்கும்போது கயிற்றுக்குள் நிற்காதீர்கள், வலையைச் செருப்போடு மிதிக்காதீர்கள். ஏச்சு வாங்குவீர்கள், அது சரியான ஏச்சுத்தான்.

அடுத்தது கிணறு. கரையோர வளவுகளில் கொங்கிறீற்றுக் கொட்டு (வளையம்) இறக்கிய கிணறுதான் அதிகம். கடல் மணலை அரிக்கும்போது கிணறு விழுவதில்லை. சுற்றியிருக்கும் மண் போய், கிணறு மட்டும் ஒரு கோபுரம் மாதிரி வெளியே எழும்பி நிற்கும். பூமிக்குள் இருந்தது ஆகாயத்தில் நிற்கிறது. இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஒரு கொட்டின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டால், வெளியே தெரியும் கொட்டுக்களை எண்ணியே எவ்வளவு மண் போனது என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் வீட்டுக்காரரை நிறுத்தி எடுங்கள், ஆள் உயரம் தெரியட்டும்.

கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் கதை உண்டு. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் ஏறினாலோ நாம் கூட இறைத்தாலோ உப்பு மேலே வரும், தண்ணீர் சவர் அடிக்கும். சவரைப் படமெடுக்க முடியாது. ஆனால் கேத்தலின் உள்ளே படிந்த வெள்ளைப் படையை எடுக்கலாம். கிணறு இருக்கும்போதே வாசலில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் கலன்களை எடுக்கலாம். தண்ணீர்ப் பவுசர் வரும் நாளை எடுக்கலாம். என் பார்வையில் அலையை விட இந்தக் கலன்கள்தான் பெரிய செய்தி, ஏனென்றால் கடல் வீட்டு வாசலுக்கு வர முன்பே அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

பிறகு வீடு. நம் பக்கம், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடும் வளவும் மகளுக்குத்தான் போகும். ஆகவே கரையோர வளவில் பத்துப் பேர்ச்சஸ் காணி கடலுக்குள் போனால் போனது ஒரு பெண்ணின் சீதனம். கடைசி மகளுக்கு எங்கே கட்டுவது என்று ஒரு தாய் கணக்குப் பார்ப்பதை, முற்றத்தில் அவர் கை காட்டுகிற திசையோடு எடுங்கள். ‘முந்தி வேலி எங்கே இருந்தது?’ என்று கேட்டால் எல்லாரும் கடலுக்குள் கை காட்டுவார்கள். அந்தக் கை நீட்டல் மட்டும் என்னிடம் முப்பதுக்கு மேல் இருக்கிறது. தனித் தொடராகவே வைத்திருக்கிறேன்.

மயானம், மையவாடி, சேமக்காலை எல்லாம் பல ஊரில் கரையோரம்தான். கேட்காமல் நுழையாதீர்கள், கேட்டாலும் பெயர் தெரியும் கல்லை எடுக்காதீர்கள். கரையைப் பிடித்து வைத்திருக்கும் செடிகளை மறந்துவிடாதீர்கள்: அடம்பன் கொடி, இராவணன் மீசை, தாழை, சுனாமிக்குப் பின் நட்ட சவுக்கு. எது எந்த வருடம் காணாமல் போகிறது என்பதே ஒரு ஆவணம்.

கடைசியாக, திரும்பிப் பாருங்கள். வாவிப் பக்கம், ஊர் வழக்கில் ஆற்றுப் பக்கம். எல்லாரும் அலையை எடுக்கிறார்கள், ஆற்றை யாரும் எடுப்பதில்லை. ஆனால் கடல் கொஞ்சம் உயர்ந்து நின்றாலும் மாரி வெள்ளம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தால் வடிவது மெதுவாகும். தண்ணீர் வயலிலும் முற்றத்திலும் கூட நாள் நிற்கும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிடும் நாளில் ஊரே கூடும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை எடுக்கத் தவறாதீர்கள். அங்கே பேச்சைக் குரலாகவும் பதிவு செய்யுங்கள். காற்று இரைச்சல் வராமல் இருக்கத் தோணியின் மறைவில் நிற்க வேண்டும்.

படி 7: படக்குறிப்பு

படம் காரணத்தைச் சொல்லாது. அதை நீங்கள் எழுதும் வரிதான் சொல்லும், அல்லது பொய் சொல்லும். ‘கடல்மட்ட உயர்வால் அழியும் மீனவக் கிராமம்’ என்ற வகைக் குறிப்பை எந்த விழுந்த மரத்துக்கும் ஒட்டலாம். அதனாலேயே அது பயனற்றது. என் குறிப்பு இப்படி இருக்கும்:

‘துறைமுகத்துக்கு வடக்கே, மார்ச் 14, காலை 6.40, தெற்குப் பார்த்து. பறுவம், காற்று இல்லை. இடப்பக்கம் தண்ணீரில் நிற்பது வளவுக் கிணறு; நான்கு கொட்டு வெளியே தெரிகிறது, போன மார்ச்சில் இரண்டு. கிணற்றுக்கு அப்பால் இரண்டு வரிசைத் தென்னை இருந்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார்.’

நான் பார்த்தது, நான் அளந்தது, அவர் சொன்னது மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. காரணத்தை வாசிப்பவர் தேடலாம், அல்லது தெரிந்த பொறியியலாளர் ஒருவர் வேறு கட்டுரையில் எழுதலாம். குறிப்பை அன்று இரவே எழுதுங்கள். ஒரு கிழமை விட்டால் இரண்டு கிணறும் ஒன்றாகிவிடும்.

படி 8: பாதுகாப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

ஊர், புள்ளி எண், திகதி: இந்த மூன்றும் கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். இரண்டு பிரதி, இரண்டு வேறு வீட்டில். ஒன்று கரையிலிருந்து தள்ளி. வெள்ளத்தில் வன்தட்டு நனைந்து போன ஆள் சொல்கிறேன். இணையத்தில் போடும் படத்திலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள். யாருடைய வளவு என்பது ஊருக்குத் தெரிந்தால் போதும்.

வருடத்துக்கு ஒரு தடவை ஊரிலேயே காட்டுங்கள். கொழும்பில் காட்டுவது பிறகு. வாசிகசாலைச் சுவர், பள்ளிக்கூட மண்டபம், கயிறு கட்டிப் பிரிண்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாலும் சரி. பிழை இருந்தால் அங்கேதான் பிடிபடும். எனக்குப் பிடிபட்டது போல. கரையோரம் பேணல் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ மீனவர் சங்கம் கடிதம் எழுதும்போது தேதியிட்ட நிலைப்புள்ளிப் படங்கள் பின்னிணைப்பாகப் போகலாம். அதைச் சங்கம் தீர்மானிக்கட்டும், நீங்கள் கொண்டு ஓடாதீர்கள்.

குறிப்பேட்டுக்கும் ஒரு பிரதி வேண்டும். உங்களுக்கு வெளிநாட்டு விசா வரலாம், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போகலாம். ஊரில் படமெடுக்கும் ஒரு பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ கொடுத்து, ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் மூன்று புள்ளியிலும் நிறுத்திக் காட்டிவிடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஊர்ப் பக்கமாக உள்ளே தள்ளி இரண்டாவது அடையாளம் ஒன்றையும் அளந்து எழுதுங்கள். முதலில் நான் இதைச் செய்யவில்லை. என் முதல் புள்ளி ஒரு மதகின் மூலை. போன வாடைக்கு மதகு சரிந்து தண்ணீருக்குள் போனது. இப்போது கோயில் மதிலிலிருந்து 41 மீற்றர் நாடா பிடித்து, முழங்கால் தண்ணீரில் நின்று எடுக்கிறேன்.